பாறைத் திட்டில் கேட்ட குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனால் 1982 நவம்பரில், பட்டப்பகலில், பொட்டிப்புரத்துக்கு மேற்கே உள்ள பாறைமலையில் இது எனக்கு நடந்தது. என் பெயர் சொர்ணலதா. தேனி கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நானும் என் தோழி மதலேனாளும் வடக்கே போய் மலையேற்றம் கற்றோம். அடுத்த வருடம் இமயமலைக்குப் போகும் பெண்கள் குழுவில் இடம் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அன்று அந்தப் பாறையில் பயிற்சி.

உச்சியைத் தொட்டுவிட்டு, வடம் போட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதியில் ஒரு பாறைத் திட்டு. இரண்டு பேர் ஒட்டி நிற்கலாம், அவ்வளவுதான். அங்கே ஒரு பாறைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வளையம் கட்டி, வடத்தை நுழைத்து இறங்க வேண்டும். கீழே போய் வடத்தை உருவிக்கொள்ளலாம். வளையத்தை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

வளையம் கட்ட எங்களிடம் மிஞ்சியிருந்தது இரண்டே. அகலமான நைலான் பட்டை ஒன்று. விரல் பருமனில் உருண்டைக் கயிறு ஒன்று.

“பட்டையைக் கட்டுவோம். பாறை விளிம்பு கூரா இருக்கு. பட்டைன்னா படிஞ்சு உக்காரும். கயிறு உருண்டு உருண்டு அறுபடும்” என்றேன்.

“அடுத்த எறக்கத்துக்கு என்னத்தக் கட்டுவ? இதுக்குக் கயிறு போதும் லதா” என்றாள் மதலேனாள்.

கயிற்றையே கட்டினோம். அவள் முதலில் இறங்கினாள். பாதி தூரம் போனதும் மேகம் இறங்கியது. அவள் தலை மறைந்தது. பிறகு என் முழங்காலுக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம்.

“வடத்த விட்டுட்டேன்! நீ வா!”

வடத்தைத் தொட்டேன்.

விறைப்பாக இருந்தது.

ஆள் தொங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி.

“மதலேனா! இன்னும் தொங்குறியா?”

“இல்லடீ! நான் கீழ்த் திட்டுல நிக்கேன். அங்கிட்டுத் தள்ளி நிக்கேன்!”

வடத்தை உலுக்கினேன். அசையவில்லை. பாரம் ஏறியிருக்கும் வடத்தில் என்னைப் பூட்டிக்கொண்டு இறங்க முடியாது. மேலே ஏறவும் வழியில்லை. பின்னால் பாறை. முன்னால் வெள்ளை மேகம். நகரக்கூட இடமில்லை.

வடம் மெல்ல ஆடத் தொடங்கியது. இடமும்... வலமும்.

அது ஆடும்போதெல்லாம் கொம்பில் கட்டிய கயிறு விளிம்பில் தேய்ந்தது.

சரக்... சரக்...

பார்த்தேன். இழைகள் பிய்ந்துகொண்டிருந்தன.

அது அறுந்தால் வடமும் போய்விடும். நான் அந்தத் திட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

பட்டையை எடுத்தேன். கொம்பைச் சுற்றி, வடத்துக்கு அடியில் நுழைத்து, முடிச்சுப் போட முயன்றேன். வழுக்கியது.

அப்போதுதான் கேட்டது. எனக்கு நேர் கீழே, மிகப் பக்கத்தில்.

“கட்டியாச்சா?”

ஆண் குரல். களைத்த குரல்.

குனிந்து பார்த்தேன். மேகம்தான்.

“கட்டியாச்சா...?”

மூச்சிரைப்பு கேட்டது. பாறையில் கால் உரசியது.

முடிச்சை இறுக்கினேன்.

எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை.

“கட்டிட்டேன்... கட்டிட்டேன்!”

சட்டென்று வடம் தளர்ந்தது.

காத்திருந்தேன்.

விழுந்த சத்தமே இல்லை.

அழுதுகொண்டேதான் இறங்கினேன். வழியில் யாரும் இல்லை. மதலேனாளுக்கு எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை. அடுத்த இறக்கத்துக்கு, கீழ்த் திட்டில் நின்ற ஒரு மரத்தையே சுற்றி வடம் போட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

மூன்று மாதம் கழித்து, பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கும் மலையம்மாள் என்ற அம்மாவைப் பார்த்தேன். எனக்கு நடந்ததைச் சொல்லாமல், அந்தப் பாறையில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

“தவசின்னு ஒருத்தரு ஆத்தா. பதினாறு வருசம் ஆச்சு. தேன் எடுக்க எறங்குனாக. கயிறு அறுபடப் போகுதுன்னு, மேல நின்ன மச்சினன் வேற கயிறு எடுக்க ஊருக்கு ஓடியாந்துட்டாக. இவுக தொங்கிக்கிட்டே, ‘கட்டியாச்சா, கட்டியாச்சா’ன்னு கத்துனாக. நான் அடிவாரத்துல ஆட்டோட நின்னேன்.”

“மேலதான் யாருமே இல்லையே?”

“இல்லதான் ஆத்தா. ஆனா பதில் வந்துச்சே.”

மலையம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

“பொம்பளப் பிள்ள சத்தம். ‘கட்டிட்டேன், கட்டிட்டேன்’னு. புதுக்கயிறு வந்துருச்சுன்னு நம்பித்தான் அந்த மனுசன் பழைய கயித்த விட்டுட்டு, அதப் பிடிக்கக் கைய நீட்டுனாக.”