யாரோக்: கண்ணில் பார்த்த நிறம்

பேருந்து புத்தூரைத் தாண்டும்போது கோவிந்தசாமியின் மகள் சுதாவின் அழைப்பு வந்தது. "சித்தப்பா, நைனா பூட்டாரு." திருப்பதி மருத்துவமனையில் கிடந்த அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஐயோ, ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை மனுஷர்.

கோவிந்தசாமியை உங்களில் பலர் விஜயபுரத்துக் கணக்கு வாத்தியாராக அறிவீர்கள். எனக்கு அவர் கூட்டாளி. எபிரேய மொழியின் நிறச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தோம். "சாமி கும்புடற ஆளு, உனக்கு எதுக்குய்யா பைபிள் பாஷை?" என்று ஊரில் சீண்டுவார்கள். "சொல்லுக்கு ஏதுப்பா சாமி?" என்று சிரிப்பார்.

'யாரோக்' என்ற சொல்லிலேயே இரண்டு வருடம் கிடந்தோம். இன்று அதற்குப் பச்சை என்று பொருள். பழைய நூல்களில் அதன் உறவுச் சொற்கள் தழையையும், பொன்னின் மஞ்சளையும், பயத்தில் வெளிறிய முகத்தையும், பயிருக்கு வரும் நோயையும் குறிக்கும். பிறகு மஞ்சள் காமாலைக்கும் அதே பெயர் வந்தது. ஒரே வேரில் இத்தனையா என்று நான் முரண்டு பிடித்தேன். தன் வேர்க்கடலைக் கொல்லைக்கு இழுத்துப் போய் நோய் கண்ட செடியைக் காட்டினார். "பச்சையும் போவல, மஞ்சளும் வரல, நடுவுல நின்னுக்கினு கீது பாரு. நம்ம பசும்பொன்னு, பசலை எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சாம்?" நான் அதையெல்லாம் எழுதிக்கொண்டேன். காமாலையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை; அதில் பச்சை ஏது என்றேன்.

இறப்பதற்கு ஆறு வாரம் முன்பு, என் வீட்டில் வேலையாக இருந்தோம். திடீரென்று கீழிமையை விரலால் இழுத்தார். "நம்ப மாட்டேன்னியே? என் கண்ணுலயே கீது, பாரு." சன்னலோரம் திருப்பிப் பார்த்தேன். விழி வெள்ளையில் மஞ்சள் பாரித்திருந்தது, ஓரத்தில் லேசான பச்சை. முட்டாள் நான், துள்ளிக் குதித்தேன். குறிப்பு அட்டை ஒன்றை எடுத்து நிறத்தையும் தேதியையும் எழுதினேன். இருவரும் காபி குடித்தோம். டாக்டரிடம் போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர்! சொல் கிடைத்த சந்தோஷத்தில் ஆளைக் கோட்டை விட்டேனே, பாவி.

காரியம் முடிந்த அன்று சுதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு மாசம் முன்னாடி இட்டாந்திருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நைனாவுக்குக் கண்ணு எப்ப மஞ்சளாச்சு, சித்தப்பா? உங்களுக்கு எதுனா தெரியுமா?"

தெரியாதம்மா என்றேன்.

அகராதிக் கட்டுகள் எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அவர் கண்ணின் நிறத்தை எழுதிய அந்த ஓர் அட்டைதான். கிழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. சுதா, இதை நீ படிப்பாய். எனக்குத் தெரியும், தாயே. தேதியோடு தெரியும். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.