மேல் லயத்துக்குப் போன அறிவிப்பு

றொசல்லைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்தாள் ஜெயந்தினி. ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் மழைக்கால மண்சரிவு அறிவிப்பும் அவள் தலையில் விழுந்தது. காப்பகத்தின் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரியான இரண்டு யூஎஸ்பி சவுண்ட் கார்டுகள். ஒன்று மேட்டிலிருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்து ஒலிபெருக்கிக்கு, மற்றது கீழ் லயத்துக்கு. கரண்டு போய்வந்தால் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் கொடுக்கும் எண்கள் சில சமயம் இடம் மாறிவிடும். அதனால் முதலில் பேசிப் பார்த்துவிட்டே அறிவிப்பாள்.

அன்று பகல் விடாத மழை. கரண்டு வந்த கையோடு தோட்டத் தலைவர் நல்லமுத்து நனைந்தபடி ஓடிவந்தார்.

"கீழ் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. ஒடனே வெளிய வரச் சொல்லு புள்ள!"

பேசிப் பார்க்க அவகாசமில்லை. கீழ் லயத்தின் வழக்கமான எண்ணிலேயே அறிவித்தாள். மேல் லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியது. கீழே எதுவும் கேட்கவில்லை. அங்கே பெரும்பாலானவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த பொன்னையாவை மண் மூடியது.

அதன்பின் ஜெயந்தினிக்குச் சோறு இறங்கவில்லை. இணையத்தில் தேடி ஒரு சின்ன நிரலின் மூலத்தை இறக்கி, அந்தக் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்தாள். கார்டுகளைப் பிரித்தறிய வழியில்லை. ஆனால் அவற்றைச் செருகும் துளைகளைப் பிரித்தறியலாம். இந்தத் துளையில் இருப்பது மேல், அதில் இருப்பது கீழ் என்று அந்த நிரல் பெயரைக் கட்டிப்போட்டது. கரண்டை எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும் பெயர் மாறவில்லை.

கீழ் லயத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். பொன்னையாவின் மனைவி ராக்காயியிடம் போய், "இனிமே அறிவிப்பு எடம் மாறாதுங்க அக்கா" என்றாள்.

"கேக்குறதுக்கு அங்க யாரு இருக்காங்க?" ராக்காயியின் குரலில் கோபமே இல்லை. "அவரு காய்ச்சல் மயக்கத்துல கெடந்தாரு. கேட்டாலும் எந்திரிச்சிருக்க மாட்டாரு, விடு."

ஜெயந்தினியால் அதை நம்ப முடியவில்லை.

அடுத்த பெருமழையில் மேல் லயத்துக்குப் பின்னாலும் மண் பிளந்தது. அறிவிப்பு சரியான இடத்துக்கே போனது. ஆட்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான் சும்மா ஓட வச்சாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நல்லமுத்து மழையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயந்தினி தொண்டை கட்டும்வரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.