மச்சினனைப் பார்த்து மாற்றிய கிரவுன்

பழைய பஸ் ஒன்றைச் சமையல் வண்டியாக மாற்றி, ராஜபாளையத்தில் நானும் மனைவியும் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மச்சினனுக்கும் அதே தொழில், அதே மாதிரி பஸ்.

"அத்தான், பின் அச்சுல சக்கரத்தைச் சுத்துற பல்சக்கரம், அந்தக் கிரவுனை மாத்திட்டேன். அதே வேகத்துக்கு இஞ்சின் மெதுவாச் சுத்துது, டீசல் எம்புட்டோ மிச்சம்" என்று அவன் சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

"அவன் சமதரையில ஓட்டுதான். நாம மலையடிவாரத்துக்குல்லா போறோம்" என்று மனைவி தடுத்தாள். நான் கேட்கவில்லை. அவனுடையதைவிட வேகமான கிரவுனாகப் பார்த்து மாட்டினேன். வேகம் கூடினால் இழுவை குறையும் என்பதை யோசிக்கவில்லை.

மலையடிவாரத்து அய்யனார் கோவில் பக்கம் ஒரு தோப்பில் விருந்து. தண்ணீரும் பாத்திரமுமாகப் பாரம் ஏற்றிப் போனோம். மேட்டில் முதல் கியரிலேயே பஸ் திணறியது. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. இஞ்சின் அணைந்ததால் பிரேக்கும் பலமிழந்து, மிதித்தும் நிற்காமல் வண்டி ஓடையை நோக்கிப் பின்னால் நழுவியது. மனைவி குதித்து, பின்சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை உருட்டி அணை கொடுத்தாள். வண்டி நின்றது.

மனைவி போன் செய்ய, மச்சினன்தான் டிராக்டர் பிடித்து வந்து இழுத்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, அத்தான்" என்றான். அந்த நேரத்திலும் அவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

பழைய கிரவுனையே திரும்ப மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் யார் மைலேஜ் பேசினாலும், எந்த ரோடு, எவ்வளவு பாரம் என்று முதலில் கேட்கிறேன். மச்சினன் பேசினால் இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால், மனைவியைக் கேட்காமல் வண்டியில் கை வைப்பதில்லை.