வாய் திறக்காத உறுப்பினர்

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் அருகே ஒரு சின்ன அருங்காட்சியகம். அந்த ஊரிலிருந்து போய் அமெரிக்கக் காங்கிரஸில் ஆரம்ப நாட்களில் உறுப்பினராக இருந்த ஒருவரின் படம் அங்கே ஒரு தனி அறையில் மாட்டியிருந்தது. அந்த அறைக்குக் காவல் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அடிக்கடி எழும்பி, சால்வை நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைப்பார்.

நகரசபைக்குத் தெரிவாகியிருந்த எனக்கு மறுநாள் ஜெர்மன் மொழியில் கன்னியுரை. பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

“இவர் அங்க ஒருநாளும் வாய் திறக்கேல்லை, தம்பி. வாக்கெடுப்புக்குக் கை மட்டும் உயர்த்தினவர். அதுக்கே இங்க ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கினம். நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?”

நெஞ்சு இலேசானது. மறுநாள் நாலு வசனம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நன்றி சொல்லப் போனபோது அக்காவுக்கு லீவு. அவர் துடைத்துத் துடைத்துப் பளபளத்த கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்தது: ‘சபையையே கட்டிப்போட்ட பேச்சாளர்.’