மருமகள் பார்த்து எடுத்த கார்டு

என் மருமகள் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அதனால் கூச்சமும் இல்லை.

அவளுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சமையலை முடித்துவிட்டு உட்காருவாள். அவளோடு சேர்த்து டீமில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் வேறு வேறு ஊர்ப் பையன்கள். எல்லாருக்கும் இவள் அக்கா. ஆனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. படம் நின்று நின்று வரும். நிற்கிற நேரத்தில் எதிராளி சுட்டுவிடுவான். ஒரு நாள் ஸ்பீக்கரில் ஒரு பையன் பேசியது என் காதிலும் விழுந்தது.

“அக்கா, கோச்சிக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம போட்டி. மெஷின் இப்டியே இருந்தா வேற ஆளப் போட்டுக்குறோம்.”

“மாத்திட்டேன்னா?”

“மாத்திட்டா நீங்கதான்க்கா.”

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்குச் சட்டென்று வாய் வராது.

அந்த வாரம் அவளுக்குப் போனஸ் வந்தது. சனிக்கிழமை காலை நானும் மகனும் அவளும் ஷேர் டெம்போ ஏறி ரெட்டியார்பாளையத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டி ஒன்றைக் காட்டினார்.

“லைட்டெல்லாம் மாசி மகத் திருவிழாவுல பாத்துக்குறோம்ணா. அந்தக் காச கிராபிக்ஸ் கார்டுல போடுங்க,” என்றாள்.

மகன் குறுக்கே வந்தான். “ஏய், ப்ராசசர்தான் மூளை. அதப் பெருசா வாங்கு.”

“மூளை கணக்குப் போட்டுக் குடுக்குங்க. படம் வரையறது கார்டுதான். எனக்குப் படம் நிக்காம வரணும்.”

பெரிய ப்ராசசரை ஒதுக்கிவிட்டு நடுத்தரமானதை எடுத்தாள். அதிலேயே கொஞ்சம் படம் காட்டுகிற வசதியும் உண்டாம். என்றைக்காவது கார்டு போய்விட்டாலும் கம்ப்யூட்டர் சும்மா கிடக்காது என்றாள். கார்டில் எல்லாவற்றையும்விட உசத்தியானதைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அதையும் வேண்டாம் என்றாள். “எங்க மானிட்டருக்கு இது அதிகம்ணா. அதுக்கு ஒரு படி கீழ குடுங்க. கரண்ட் குடுக்குற பவர் சப்ளை மட்டும் மட்டமானது வேணாம்.” புடவைக் கடையில்கூட நான் இத்தனை தீர்மானமாக ஒன்றைத் தள்ளியதில்லை. எடுத்துப் போட்டவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று வாங்கி வந்துவிடுவேன்.

கடையிலேயே எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எது ஓடினாலும் முதலில் சந்தனம் குங்குமம் வைப்போம், பைக்கானாலும் மிக்சியானாலும். இந்தப் பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. அதில் வைக்காதீர்கள் என்று அவள் சொன்னதால் மகன் பின்பக்கமாகப் பொட்டு வைத்தான். வயரெல்லாம் மாட்டியதும் அவன்தான். திரையில் படம் வந்ததும் கை தட்டினான்.

சாயந்திரம் அவள் விளையாடிப் பார்த்தாள். பழையபடியே படம் நின்று நின்று வந்தது.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றான் மகன். “மூளையக் கொறச்சிட்டா எப்டி ஓடும்? யாரு பேச்சக் கேக்குற நீ?”

மறுநாள் போட்டி. அவள் விளையாட்டை ஓடவிட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

“அத்த, இங்க பாருங்க. கார்டுல இருக்குற ஃபேன் சுத்துதா?”

“இல்லியேம்மா.”

“வேல செஞ்சா சூடாவும், சூடானா சுத்தும். இது சும்மா ஒக்காந்துனு இருக்குது.”

பெட்டியைத் திருப்பினாள். பின்னால் மானிட்டர் வயர் சொருக இரண்டு இடம் இருந்தது. கீழே இருப்பது கார்டுடையது. வயர் மேலே இருந்ததில் இருந்தது, அது ப்ராசசருடையது. கொஞ்சம் படம் காட்டும் என்றாளே, அதனால்தான் படம் வந்திருக்கிறது, நாங்களும் சந்தேகப்படவில்லை. இவள் தேடி எடுத்த கார்டுக்கு வேலையே கொடுக்கவில்லை.

“ஏங்க, கீழ சொருகாம ஏன் மேல சொருகினீங்க?”

மகன் தலையைச் சொறிந்தான். “கீழ பொட்டு வெச்சிருந்தேன். சொருகினா அழிஞ்சிடுமேன்னு…”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “நல்ல பக்திங்க!” அவ்வளவுதான் சொன்னாள். நானாக இருந்தால் அவன் பேசிய பேச்சுக்குப் பத்து நாள் குத்திக் காட்டியிருப்பேன், அதுவும் மனசுக்குள். அவள் வயரைப் பிடுங்கிக் கீழே சொருகினாள். குங்குமம் அவள் விரலில் ஒட்டியது. அதை அப்படியே பெட்டியின் தலையில் தடவிவிட்டு விளையாட்டைத் திறந்தாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

மறுநாள் போட்டியின்போது நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மகன் சோற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்றான்.

“யம்மா, எத்தினி பேர அடிச்சா?”

“நீயே கேளு.”

“இப்பக் கேட்டா என்னையும் சுட்டுடுவா.”

அவர்கள் தோற்றார்கள். ஆனால் கடைசி வரைக்கும் உயிரோடு நின்றது இவள்தான். ஸ்பீக்கரில் அந்தப் பையன், “அக்கா, அடுத்த வாரமும் நீங்கதான். எத்தினி மணிக்கு வெக்கலாம்?” என்றான்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“ஷிப்ட் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள்.