சுண்டுவிரல் நடித்த படம்

சினிமாவில் நான் நடித்திருக்கிறேன். அதாவது, என் கைகள் இரண்டும் நடித்திருக்கின்றன. மற்ற உடம்பை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன், அப்படி ஒரு கிறுக்கு அப்போது எனக்கு.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். என் வயதுக்காரர்கள் எல்லாம் அங்கே வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடவில்லை. அக்காளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மச்சான் சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் முங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். அவர்களுக்குள் சொத்துச் சண்டை வரலாம், கூடப்பிறந்தவள் தாலியை எவன் அறுப்பான்? அந்த வருஷச் சங்குப் பருவத்தில் மச்சானின் கயிறு என் கைக்கு வருவதாகப் பேச்சு. எனக்குக் கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்த வழக்கத்தை வைத்து எங்கள் பக்கம் ஒரு பழைய கதை உண்டு. மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் நாடகமாகப் போடுவோம். மச்சான் முத்துக்குளிக்க இறங்குகிறான். கயிறு வெறுமனே மேலே வருகிறது. மச்சினன் அந்தக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலில் குதிக்கிறான், மச்சானைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மச்சான் கையில் இறுக்கிப் பிடித்திருந்த சிப்பியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதோடு திரை. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊரே அழும். நானும் ஒரு வருஷம்கூட விடாமல் அழுதிருக்கிறேன்.

இந்தக் கதையைத்தான் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி படம் எடுக்க வந்தது. தருவைகுளம் பக்கம் ஷூட்டிங். மச்சினனாக நடிக்க வந்தவர் கை பன்னு மாதிரி மெத்தென்று இருந்தது. கயிறு பிடிக்கிற கையைப் பெரிதாகக் காட்ட வேண்டும், அதற்கு இது ஆகாது என்று டைரக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இறுக்கிப் பிடி" என்றார். பிடித்தேன். "இன்னும்" என்றார். நரம்பு புடைக்கப் பிடித்தேன். வெகுநேரம் கழித்து, "சரி, விடு" என்றார். வேலை முடிந்தது என்று கயிற்றை விட்டேன். உள்ளங்கை எரிந்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். டைரக்டர் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, அந்தத் துடைத்தது பிரமாதம் என்றார். எதனால் பிரமாதம் என்று நான் கேட்கவில்லை. கட்டிப்பிடிக்கிற டைரக்டரிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

படம் வருகிற வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை. டீக்கடை, சலூன், கோயில் வாசல் என்று ஓர் இடம் பாக்கி விடாமல் சொல்லி வைத்தேன். என் இடதுகைச் சுண்டுவிரல், சின்ன வயதில் கெளுத்தி முள் ஏறியதில், கொக்கி மாதிரி வளைந்திருக்கும். "விரலைப் பாத்துக்கோ, நான்தான்னு தெரியும்" என்று எல்லோருக்கும் அடையாளமும் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

படம் வந்த முதல் நாளே குடும்பத்தோடு போனோம். நானும் மச்சானும் ஆண்கள் பக்கம், அக்காளும் அவள் மாமியாரும் பெண்கள் பக்கம். அந்த மாமிக்கு மச்சான் ஒரே மகன்.

மச்சானாக நடித்தவர் பட்டு ஜிப்பாவோடு கடலில் குதித்தபோதே தியேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கடலடியில் ஒரு முழுப் பாட்டுப் பாடினார். "ஏலே, மூச்ச எங்கன வச்சிருக்கான்?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். ரப்பர் சுறா ஒன்று வந்தது, அதன் வயிற்றில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். சிப்பிக்குள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முத்து, அதிலிருந்து வெளிச்சம் வேறு அடித்தது. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு எரிச்சல். வெறும் சிப்பிதானே கதை? அதைப் போய் எலுமிச்சம்பழம் ஆக்கிவிட்டார்களே!

பிறகு என் கைகள் வந்தன. வளைந்த சுண்டுவிரல் ஒரு வாழைத்தார் அளவுக்குத் திரையில் நின்றது. விசில் பறந்தது. நான் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டேன். கும்பிட்டு முடிப்பதற்குள் திரையில் என் கை கயிற்றை விட்டுவிட்டது. நிதானமாகச் சாரத்தில் துடைத்தும் கொண்டது. மச்சான் மேலே அனுப்பிய முத்துக்கு ஆசைப்பட்டு மச்சினன் அவனைக் கொன்றுவிட்டானாம்! கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்று அவர்களுக்கு அகப்பட்டவன் மச்சினன்தானா? பெண்கள் பக்கமிருந்து மாமியின் குரல் மட்டும் கேட்டது.

"அய்யோ மாதாவே, விட்டுட்டானே!"

வீட்டுக்கு வந்ததும் மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "என் மகன் கயிறு இவன் கைக்குப் போகக் கூடாது."

"சினிமா பொய்யி மாமி" என்றேன்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதாக்கும்? மூஞ்சி எவனோடதோ. கை ஒங்கைதான? விட்டது நெசந்தான?"

நிஜமாகவே விட்டிருந்தேனே! அக்காள் அழுதாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிறு போனால் போகட்டும், மச்சானைக் கொன்றவன் என்ற பேர் ஊரில் நிலைத்துவிடுமே. மச்சான் மட்டும் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, டைரக்டர் விடுன்னான், விட்டான். கடலுக்குள்ள எவன் டைரக்டரு? ஒரு நாளைக்குப் புடிக்கட்டும், அப்புறம் சொல்லு."

அந்த ஒரு நாள் வந்தது. மச்சான் ஆழத்துக்கு இழுக்கிற கல்லோடு இறங்கினார். கீழேயிருந்து அவர் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நான் இழுக்க வேண்டும். அவர் சுண்டினாரோ, மீன் இடித்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? கயிறு லேசாக ஆடியதும் ஒரே இழுப்பு. மச்சான் வெறுங்கையோடு மேலே வந்தார்.

"ஏலே, இப்பதாம்ல தரையத் தொட்டேன்!"

அடுத்த முறை, சங்கு கண்ணில் பட்டு அவர் கையை நீட்டும்போது இழுத்துவிட்டேன். அதற்கடுத்த முறை கயிறு ஆடவே இல்லை, ஆடாதது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது, இழுத்துவிட்டேன். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் அந்தக் கடலடிப் பாட்டை எடுத்துப் பாட ஆரம்பித்தார்கள். மச்சான் திட்டித் திட்டிக் களைத்து, கடைசியில் தண்ணீரில் மிதந்துகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கயிற்றை விடவில்லை, அவர் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

கரையில் மாமி காத்துக்கொண்டிருந்தாள். மற்ற வள்ளங்களில் சங்கு குவிந்து கிடந்தது. எங்கள் கூடையில் அடி தெரிந்தது. அவள் கூடைக்குள் பார்த்தாள், பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னல இது?"

"ஒன் சினிமாக்காரன்ட்டயே கேளு. விடவே மாட்டேங்கான்."

மாமி என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது, சுண்டுவிரலை நிமிர்த்தவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சிரிப்பை அடக்கத்தான் அவள் உதட்டைக் கடிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணும் கலங்கியிருந்தது.

"நாளைக்கும் இவனே புடிக்கட்டும்" என்றாள் மகனிடம். "சங்கு கெடந்துட்டுப் போவுது."