போட்டிக்காரர் செய்த சிபாரிசு

போன மாதம் சங்ககிரியில் என் சர்க்கரை டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். சுகந்தி வந்தார். மருந்துக் கம்பெனி விற்பனை ரெப். பல வருடமாக அதே வெயிட்டிங் ஹாலில் பார்த்துப் பேசிப் பழக்கம். அன்றைக்குத் தோளில் அந்தக் கனமான பை இல்லை.

"என்னம்மா, லீவா?"

"வேலை போயிருச்சுங்க சார். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

இரண்டு டிவிஷனை ஒன்றாக்கினார்களாம். ஒன்பது நிமிட வீடியோ மீட்டிங். 'மறுசீரமைப்பு' என்று ஒரு வார்த்தை... அவ்வளவுதான்.

"ஏனுங்கன்னு கேக்கலாம்னு பார்த்தா, எங்க மைக்கையெல்லாம் அவங்களே ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க சார். ஊட்டுல இன்னும் சொல்லல. தினமும் காலையில வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிடறேன்."

எங்கே போவார்? கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் முருகேசன். போட்டிக் கம்பெனி ரெப். டாக்டர் எழுதும் சீட்டிலிருந்து இவர் மாத்திரையை அவர் தூக்கப் பார்ப்பார். அவர் மாத்திரையை இவர். இருவரும் முகம் கொடுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து வெளியே போனார்.

"அவருக்கு இன்னையோட ஒரு தொல்லை விட்டுச்சுங்க" என்று சுகந்தி சிரிக்கப் பார்த்தார்.

ஜன்னல் வழியே முருகேசன் போனில் பேசுவது கேட்டது.

"சார், ஆறு வருசமா இந்த ஏரியாவுல நம்ம மாத்திரைய நுழைய உடாமப் பண்ணுனாங்களே ஒரு மேடம்... அவங்களேதானுங்க. இப்ப வேலையில்லாம நிக்கிறாங்க. நாம உட்டா வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டுக்குவானுங்க!"

உள்ளே வந்து போனை நீட்டினார். "எங்க மேனேஜருங்க. பேசுங்க."

சுகந்தி எழுந்து நின்றார். வாங்கிக்கொண்டார்.

நேற்று சுகந்தியிடமிருந்து எனக்கு போன். முருகேசன் கம்பெனியிலேயே, சேலத்தில் இன்டர்வியூ முடிந்து வேலைக்கான ஆர்டரே வந்துவிட்டதாம். நாமக்கல்லில், கோழி மருந்துப் பிரிவு!

"பழசையெல்லாம் மறந்துட்டு மொதல்ல இருந்து படிக்கணுமுங்க சார். படிச்சுக்குவேன்."

வீட்டில் சொன்னாரா?

"அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேனுங்க. 'இதைப் போயா மறைச்சே'ன்னு எங்க ஊட்டுக்காரரே எந்திரிச்சுப் போயி டீ போட்டுக் குடுத்தாரு."

சுகந்தியோடு வேலை இழந்த நான்கு பேர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பயோடேட்டாவும் முருகேசனுக்குப் போயிருக்கிறது. அவரும் தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

போட்டிக்காரரோடு மல்லுக்கட்டுங்கள், தப்பே இல்லை. உங்கள் வேலையின் அருமை ஹெட் ஆபீஸைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்!